லுனானாவின் ஆசிரியரும் லூல்கந்துரவின் பிள்ளைகளும்

பாவோ சோய்னிங் டோர்ஜி இயக்கிய ‘லுனானா: எ யாக் இன் த கிளாஸ்ரூம்’ என்ற பூட்டான் படம் 2019இல் வெளிவந்து, 2022இல் ஒஸ்கார் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. கதை எளிமையானது. தலைநகர் திம்புவில் பாட்டியோடு வாழும் உக்யென் என்ற இளைஞனுக்கு ஆசிரியத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் பாடகனாக வேண்டும் என்று கனவு காண்கிறான். அரசுக்குச் செய்து முடிக்கவேண்டிய சேவைக் காலத்தில் இன்னும் ஓராண்டு பாக்கி இருப்பதால், அதிகாரி ஒருவர் அவனை லுனானாவுக்கு அனுப்பிவிடுகிறார். நாள்கணக்கில் மலையேறிப் போகவேண்டிய ஊர் அது. ஒழுங்கான மின்சாரம் இல்லை, வகுப்பில் கரும்பலகைகூட இல்லை. வந்தவுடனேயே திரும்பிப் போகத் துடிக்கிறவனை, வகுப்புத் தலைவியான பெம் ஸாம் என்ற சிறுமி காலையில் கதவைத் தட்டி எழுப்புகிறாள், பாடசாலை நேரமாகிவிட்டதாம். அங்கிருந்து அவன் மனம் கொஞ்சங்கொஞ்சமாக இளகுகிறது. பனிக்காலம் தொடங்குமுன் அவன் ஊரைவிட்டு இறங்கும்போது பார்க்கிறவர்களின் மனமும் கனத்துப் போகிறது. இந்தக் கனத்துக்கு அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. தொலைதூரத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவர் கொடை கொடுக்கிறாரா, கடனைத் திருப்பிச் செலுத்துகிறாரா? கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இரண்டு நூற்றாண்டாக நடந்ததை எடுத்துப் பார்த்தால் இரண்டாவது விடையைத் தவிர வேறெதையும் ஏற்க முடியாது. முதல் விடையை நாம் நெடுங்காலம் நம்பியதால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளைந்த கேடு கொஞ்சமல்ல.

முதலில் படத்தையே பார்ப்போம். அதை நேசிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கொடையின் கதையாகவே அதைச் சொல்கிறார்கள்: நகரத்து இளைஞன் தன் வசதிகளை விட்டுப் போய் மலைப்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தான், அவர்கள் பதிலுக்கு அவனுக்கு வாழ்க்கை இன்னதென்று காட்டினார்கள் என்று. படத்தில் நடப்பது அப்படியல்ல. உக்யென் விரும்பிப் போகவில்லை. அரசு அவனைப் படிக்கவைத்துப் பயிற்சி தந்திருக்கிறது, அதற்கு ஈடான ஆண்டுகளை அவன் கொடுத்தாகவேண்டும், அதனால் போகிறான். ஊரை அடைவதற்கு வெகுதூரம் முன்னாலேயே ஊர்மக்கள் இறங்கிவந்து அவனை எதிர்கொள்கிறார்கள். அடுப்பெரிக்க யாக் சாணம் அவசியம் என்பதால் ஒரு கிழ யாக்கை அவனிடம் விட்டுவைக்கிறார்கள். குளிருக்குச் சாளரத்தில் ஒட்டியிருந்த தடித்த தாளை அவன் உரித்தெடுத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கொடுக்கிறான். அந்தத் தாள்கூட அந்த ஊரின் சொத்துத்தான். தங்கள் பிள்ளைகள் யாக் மேய்ப்பதையும் மலையில் மூலிகை பொறுக்குவதையும் தாண்டி வேறெதுவாகவும் ஆகலாம் என்ற வழியைத் திறந்துவிடுமாறு ஊர்த்தலைவர் கேட்கிறார். அவர் கேட்கும் தோரணையில் இரப்பு துளியும் கிடையாது. தனக்கு வரவேண்டியதை மரியாதையோடு நினைவூட்டும் பெரியவரின் நிமிர்வு அது. அந்த ஊர் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகுதான் பெறுகிறது. படத்தின் ஈரம் இந்த ஒழுங்கிலிருந்து வருகிறது என்பது என் துணிபு.

கொடையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கண்டி கொடையின் நகரம். வெசாக் நாட்களில் வீதிக்கு வீதி தன்சல் பந்தல் போட்டு, வருகிறவர் யாரென்று கேட்காமல் சோறும் பானமும் கொடுக்கிறார்கள். கோயில்களில் அன்னதானம் நடக்கிறது. பௌத்தமும் சைவமும் கொடையை அறத்தின் வாசற்படியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கொடுப்பவரின் பற்று அதனால் தளர்கிறது, ‘என்னுடையது’ என்ற பிடி இளகுகிறது. ஆனால் இதே காரணத்தால் கொடை என்பது கொடுப்பவரின் மனத்தை மையமாகக் கொண்ட அறம். எப்போது கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எவ்வளவோடு நிறுத்திக்கொள்வது என்பதையெல்லாம் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். பெறுபவருக்கு நன்றி சொல்லும் உரிமை மட்டுமே மிஞ்சுகிறது. பசித்தவருக்கு ஒருவேளைச் சோறு போடும்போது இதனால் பெரிய தீங்கு இல்லை. ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அத்தனை பேருடைய படிப்பும் இப்படி யாரோ ஒருவரின் மனவிருப்பத்தில் தொங்கினால் அது தீங்குதான். 1854இல் ஆங்கிலத் திருச்சபையின் சி.எம்.எஸ். அமைப்பு கண்டியை மையமாக்கி ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் ஒரு பணியைத் தொடங்கியது. தோட்டங்களில் எழுத்தறிவித்தலுக்கு அவர்கள் செய்ததை மறைப்பது நன்றிகெட்டதனம். பல தோட்டங்களில் முதல் சிலேட்டு அவர்கள் கையால்தான் வந்தது. ஆனால் அந்தப் பணி துரைமாரின் பண உதவியோடும் அனுமதியோடும் நடந்தது. துரை மனம்வைத்த இடத்தில் பள்ளி எழும்பியது, மனம்வைக்காத இடத்தில் பிள்ளை தாயோடு கொழுந்து மலைக்குப் போனது. கொடையின் எல்லை அவ்வளவுதான்.

இனிக் கடனின் கணக்கைப் பார்ப்போம். கண்டிக்குத் தென்கிழக்கே, தெல்தோட்டைக்கு அப்பால், லூல்கந்துர என்ற தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே கம்பளைப் பக்கத்தில் கோப்பி தொடங்கிவிட்டது. அந்தக் கோப்பிக்காகத் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே இரையானார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை அதன் இடத்துக்கு வந்தது. டெய்லர் 1892இல் இறந்து கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கமானார். அவருடைய கல்லறையைத் தேடிப்போய் இன்றும் மரியாதை செய்கிறவர்கள் உண்டு. அந்த 19 ஏக்கரில் குழிவெட்டிய கைகளுக்கு ஒரு கல்லும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை ஒன்றிலிருந்தே வந்தது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி கிடைத்தபோது, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற அந்த அரிய ஏற்பாட்டைத் தாங்கிய திறைசேரிக்குள் தேயிலைப் பணம் ஓடிக்கொண்டிருந்தது. பேராதனையில் பல்கலைக்கழகம் 1950களில் எழுந்த இடம் ஹந்தானை மலையின் அடிவாரம். அதே மலையில் இன்னும் சற்று மேலே ஏறினால் தேயிலையும் தொழிலாளர் லயங்களும் வந்துவிடும்.

அந்தப் பணத்தை உழைத்துத் தந்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்தில் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை இன்னும் வலியுறுத்தியது. பத்து வயது என்ற எல்லையைக் கவனிக்க வேண்டும். அந்த வயதில் பிள்ளை சில்லறை வேலைக்குப் பேர் பதியத் தயாராகிவிடுகிறது. பள்ளி எங்கே முடியவேண்டும் என்பதை வேலைக்கணக்கே தீர்மானித்தது. 1945இன் இலவசக் கல்வி நாட்டின் மற்றப் பிள்ளைகளை எட்டிய வேகத்தில் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. தோட்டங்கள் தேசியமயமான பிறகு, 1977 தொடங்கித்தான் அவை படிப்படியாக அரசின் கைக்கு முழுமையாக வந்தன. முப்பது ஆண்டுக்கு மேல் தாமதம் என்றால், ஒரு தலைமுறை பள்ளிவயதைக் கடந்து தன் பிள்ளைகளையும் அதே கூடத்துக்கு அனுப்பிவிட்ட காலம் அது. அந்தக் கூடம் எப்படி இருந்தது? ஒரு நீண்ட அறை, நடுவில் சுவர் இல்லை, ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். ஒரு மூலையில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தத்தில் அடுத்த மூலையில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையின் குரல் அமிழ்ந்துபோகும். விடியலில் தாய் பிரட்டுக்களத்துக்குப் போனதும் மூத்த பெண்பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைமடுவம் என்ற காப்பகத்துக்கோ வீட்டு வாசலுக்கோ போய்விடுவாள். இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்ற குறி விழும். வாத்தியார் நல்லவராக இருந்தால் லயத்துக்குப் போய்க் கூட்டிவருவார். நல்லவராக இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கேட்க நாதி இல்லை. மலையகத்தில் அத்தகைய நல்ல வாத்தியார்கள் இருந்தார்கள், அவர்களை நினைத்து உருகும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் எழுத்தறிவு வாத்தியாரின் நல்ல குணத்தைப் பொறுத்திருக்க நேர்ந்ததே அநீதிதான்.

கொடைக்கும் கடனுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. கொடையாளி தான் கொடுக்கப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கலாம், கடன்பட்டவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. யாருக்குப் பட்டதோ அவருக்கே கொடுத்தாகவேண்டும். 1945இல் பெருங்கொடையாக அறிவிக்கப்பட்ட கல்விக்கு மூன்றாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. முந்திய ஆண்டில் அவர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. வாக்குரிமை போனது, கேட்பதற்கான குரலும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரின் கதை 1974க்குத் தள்ளிப்போனது. எந்த நாட்டுக்குப் போகப்போகிறோம் என்று தெரியாத பிள்ளைக்கு எந்த நாட்டின் வரலாற்றைப் பாடமாகச் சொல்வது? பிரஜை அல்லாதவனுக்குக் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று கொடையாளி சொல்லலாம். தேயிலைப் பணத்தை வாங்கிக்கொண்ட கடனாளி அப்படிச் சொன்னால் அது ஏமாற்று.

பூட்டானின் வரலாறும் இதையே சொல்கிறது. லுனானா அந்நாட்டின் வடக்கில் இருக்கிறது. தெற்கே நேபாளி பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1985இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் 1988இன் கணக்கெடுப்பும் அவர்களில் பலரை அந்நியராக்கின; பாடசாலைகளில் நேபாளி மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது; 1990களில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நேபாளத்தின் அகதி முகாம்களில் இருந்தார்கள். மலையகத்துக் கதையைப் படித்தவர்களுக்கு இது எங்கோ தொலைவில் நடந்த கதை போலிராது. இதை எடுத்துச் சொல்வது படத்தைக் குற்றஞ்சாட்டுவதற்காக அல்ல. ஒரு படம் ஒரு நாட்டின் எல்லாத் துயரத்தையும் சுமக்கக் கடமைப்பட்டதல்ல. வடக்கின் பிள்ளைகளைப் பற்றி அது சொன்னது உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் தொலைவில் இருக்கும் பிள்ளைமீது ஒரு நாடு காட்டும் பரிவு, ‘நம்முடைய’ பிள்ளை என்று அது யாரை எண்ணுகிறதோ அவரோடு நின்றுவிடக்கூடும். பரிவை நம்பி ஒரு கல்விமுறையைக் கட்ட முடியாது என்பதற்கு இரண்டு பௌத்த நாடுகளின் வரலாறும் சாட்சி.

பௌத்த நாடு என்று சொன்னதும் ஒரு மறுப்பு எழும். யாருக்கு யார் கடன்? ஒரு பிள்ளை லயத்தில் பிறப்பது அதன் முன்வினை, அதை மாற்ற யாருக்கும் கடமை இல்லை, இரக்கம் காட்டினால் புண்ணியம் என்ற எண்ணம் இந்துக்களிடமும் பௌத்தர்களிடமும் வாய்விட்டுச் சொல்லாமலேயே ஊறிக் கிடக்கிறது. இதற்குப் பதில் பௌத்த மூலங்களிலேயே கிடைக்கிறது. மனிதர் அனுபவிக்கும் எல்லாமே முன்வினையால்தானா என்று சீவகன் என்ற பரிவிராசகர் கேட்டபோது, பித்தம், சளி, வாதம், பருவமாற்றம் எனப் பல காரணங்களை அடுக்கி, வினையையும் அவற்றில் ஒன்றாகவே புத்தர் வைத்தார் என்று சங்யுத்த நிகாயம் பதிவுசெய்கிறது. எல்லாவற்றையும் வினைமேல் ஏற்றுவது கண்ணால் கண்டதையே மறுப்பதாகும் என்பது அவர் நிலை. தோட்டத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்போடு நின்றதன் காரணங்களைக் கண்ணால் காணலாம், அவற்றுக்கு ஆண்டும் இலக்கமும் உண்டு. 1907க்கும் 1948க்கும் கையெழுத்திட்டவர்கள் மனிதர்கள். அதைப் பிறப்பின் மேல் போடுவது சமயத்துக்கும் துரோகம். சைவர்கள் பக்கமும் இதைச் சொல்லியாக வேண்டும். தைப்பொங்கலுக்கும் தேருக்கும் தோட்டத்து மக்களின் காசை வாங்கிய கோயில்கள் நாட்டில் பல உண்டு. அவர்களின் பிள்ளைகளுடைய படிப்புக்கு அவற்றில் எத்தனை திரும்பக் கொடுத்தன என்று ஒவ்வொரு அறங்காவலர் சபையும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. கற்பித்தலைக் கடன் என்று சொல்லிவிட்டால் அதில் அன்புக்கு இடமேது? கடமைக்குக் கற்பிப்பவர் மணியடித்ததும் எழுந்து போய்விடுவார். லுனானாவின் ஆசிரியர் நம்மை உருக்கியது அவர் கடமைக்கு மேலே போனதால்தானே? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடனையும் அன்பையும் எதிரெதிராக நிறுத்துவது நம் மரபு அறியாத ஒன்று. மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று வைதிக மரபு சொன்னபோது, தேவர் கடனோடும் பிதிர் கடனோடும் முனிவர் கடனையும் சேர்த்தது. அறிவைத் தந்தவருக்குப் பட்ட கடனை அவரிடமே திருப்பிக் கொடுக்க வழியில்லை. கற்றதை அடுத்தவருக்குக் கைமாற்றினால்தான் அது தீரும். இது வட்டிக்கடைக் கடனல்ல. பெற்றவர் பிள்ளைக்குப் படுகிற கடனைப் போன்றது, அங்கே கடமை முடிந்து அன்பு தொடங்கும் கோட்டை யாரும் காட்ட முடியாது. சாங் யிமோ இயக்கி 1999இல் வெனிஸில் தங்கச் சிங்கம் பெற்ற ‘நொட் ஒன் லெஸ்’ படமும் இதையே காட்டுகிறது. பதின்மூன்று வயதுப் பெண் வெய் மின்ஷி ஒரு சீனக் கிராமத்துப் பள்ளிக்குப் பதில் ஆசிரியையாக வருகிறாள். அவளுக்குப் பேசியது 50 யுவான்; ஒரு பிள்ளையும் குறையாமல் பார்த்துக்கொண்டால் ஊருக்குப் போகும் ஆசிரியர் இன்னும் 10 தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவள் தலைகளை எண்ணுவது அந்தக் காசுக்காகத்தான். வீட்டுக் கடனுக்காக நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்ட பையனைத் தேடிப் புறப்படுவதும் அதற்காகவே. தேடுகிற வழியில் எந்த இடத்தில் காசு மறைந்து பையன் மட்டும் மிஞ்சுகிறான் என்று சுட்டிக்காட்ட முடியாதபடி படம் அதைச் செய்திருக்கிறது. ஒரு பிள்ளையும் குறையக்கூடாது என்ற கணக்கு அவளைக் கட்டிப்போட்டதால்தான் அன்பு வளர அவகாசம் கிடைத்தது.

கற்கிற பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தாலும் இதுவே தெரிகிறது. தம்மபத உரையில் ஒரு கதை இருக்கிறது. ஆளவி என்ற ஊரில் ஓர் ஏழை உழவனுக்குக் கேட்கும் பக்குவம் வந்துவிட்டது என்று கண்டு புத்தர் முப்பது யோசனை தூரம் நடந்துவருகிறார். அன்றைக்குப் பார்த்து உழவனின் மாடு தொலைந்துவிடுகிறது. அவன் தேடித்திரிந்து பசியோடு வந்து சேரும்வரை, கூட்டம் முழுவதும் காத்திருக்க, புத்தர் வாய் திறக்காமல் இருக்கிறார். வந்ததும் முதலில் அவனுக்குச் சோறு போடச் சொல்கிறார், பாடம் அதற்குப் பிறகுதான். உடன்வந்த துறவிகளே இதைக் குறைசொன்னார்கள். இந்தக் கதையில் கேட்பவன் ஆசிரியரின் நேரத்துக்கு ஓடிவரவில்லை, அவன் மாட்டைத் தேடியது குற்றமாகவும் எண்ணப்படவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு வராமல் போன அந்தத் தோட்டத்துப் பெண்பிள்ளையின் நிலையும் உழவனின் நிலைதான். அவளுக்கு வரவில்லை என்ற குறி போதாது. பிள்ளைமடுவத்தைச் சீர்செய்வதும் பகலுணவு போடுவதும் பாடத்துக்கு வெளியே நிற்கும் தருமங்கள் அல்ல, பாடத்தின் முதல் பகுதியே அவை. அதோடு, தனக்கு உரியதைப் பெறுகிறோம் என்று அறிந்த பிள்ளைக்குத்தான் கேள்வி கேட்கும் துணிவு வரும். புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் சேர் என்று கேட்க உரிமையுணர்வு வேண்டும். தானமாகப் பெறுவதாக எண்ணும் பிள்ளை புரியாமலேயே தலையாட்டிவிட்டுப் போகும்.

சரி, கடன் பட்டது நாடும் கம்பனிகளும். அதைத் தீர்க்கக் கண்டி நகரத்தில் வளர்ந்த ஓர் இருபத்துமூன்று வயதுப் பெண் ஏன் ரங்கலைக்கோ நக்கிள்ஸ் அடிவாரத்துத் தோட்டத்துக்கோ பஸ் மாறிமாறிப் போகவேண்டும் என்று கேட்டால்? அவளுடைய பங்கு சிறியது, ஆனால் இல்லாததல்ல. கட்டணமின்றிக் கிடைத்த அவளுடைய படிப்பில் அந்த மலையின் கொழுந்தும் இருக்கிறது. அதற்காக அவள் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கவேண்டும் என்று கேட்பது கொடுமை. உக்யென் அவுஸ்திரேலியாவுக்குப் போனதையும் நான் பாவமென்று சொல்லமாட்டேன். அங்கே இருக்கும் காலத்தில் நேரத்துக்கு வந்து, எல்லாப் பாடவேளையும் எடுத்து, கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையின் கொப்பியையும் பார்த்தால் அவளுடைய பங்கு தீர்ந்தது. மிச்சக் கடன் அவளை அனுப்பியவர்களுடையது. அவள் இடமாற்றம் பெற்று இறங்குமுன் அடுத்த ஆசிரியர் மேலே ஏறியிருக்க வேண்டும். லுனானா படத்தில் என்னை வாட்டியதும் இதுதான்: அவன் போனபிறகு பெம் ஸாம் யார் கதவைத் தட்டுவாள்? நம் நாட்டில் ‘அதிகஷ்டப் பிரதேசம்’ என்று அரசே பட்டியலிட்ட பாடசாலைகள் பலவற்றில் இது வருடாவருடம் எழும் கேள்வி.

படங்கள் காட்டாத ஒரு பெரிய மாற்றம் மலையகத்தில் நடந்திருக்கிறது. படத்தில் ஆசிரியர் எப்போதும் வெளியூரிலிருந்து வருகிறார். இங்கே 1980களுக்குப் பிறகு லயத்தில் பிறந்த பிள்ளைகளே திரளாக ஆசிரியர்களானார்கள். சுவீடனின் உதவியோடு பாடசாலைக் கட்டடங்கள் எழும்பின. ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. தாயின் கூடையைப் பார்த்து வளர்ந்தவர்கள் வெண்கட்டி பிடித்தார்கள். முனிவர் கடன் தன் ஊரிலேயே தீர்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இவர்களிடமும் கொடையை எதிர்பார்த்தோம் என்பதுதான் வேதனை. சுமார் பத்தாண்டுக்கு முன் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்டபோது அவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவே கிடைத்தது. போராடிய பிறகு அது 10,000 ஆனது. பஸ் செலவுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் போதாத தொகை. கற்பித்தலைப் புனிதத் தொண்டு என்று புகழ்ந்துகொண்டே அந்தக் காசை நீட்டினோம். புகழ்ச்சி எங்கே அதிகமோ அங்கே சம்பளம் குறைவாக இருப்பதை உலகம் முழுவதும் காணலாம். கற்பித்தலைக் கொடையாக்கிவிட்டால் அதைச் செய்பவரிடமிருந்தே பறிப்பதும் எளிதாகிவிடுகிறது.

கடைசியாக ஒரு கேள்வி, அதைப் பலரும் நேரடியாகக் கேட்பதில்லை. எல்லாரும் படித்துவிட்டால் கொழுந்து பறிப்பது யார்? நூறாண்டுக்கு முன் துரைமார் இதை வெளிப்படையாகவே கேட்டார்கள். படித்த பிள்ளை மண்வெட்டி பிடிக்காது என்று பயந்தார்கள். இன்று இதே கேள்வி மென்மையான வேடத்தில் வருகிறது: மலைவாழ்வு அழகானது, எளிய மக்களின் நிறைவைப் படிப்பு குலைத்துவிடும் என்று. லுனானாவைப் பற்றி இதைச் சொல்வதில் ஓரளவு பொருள் இருக்கலாம். அது தன் பாட்டும் தன் மலையும் உடைய பழைய ஊர், அங்கே சல்டோன் என்ற பெண் தன் பாட்டை மலைக்கே காணிக்கையாகப் பாடுகிறாள். லயம் அப்படிப்பட்ட ஊரல்ல. வேலையாட்களை வரிசையாக அடைத்துவைக்கக் கம்பனி கட்டிய பத்தடி அறைகளின் தொடர் அது. அந்த அறைகளுக்குள்ளேயே காமன் கூத்தையும் தப்பிசையையும் காத்துவைத்த மக்களின் ஆற்றலைக் கைகூப்பி வணங்கலாம். அறைகளை வணங்க வேண்டியதில்லை. தினக்கூலி 1,000 ரூபாய் என்ற கோரிக்கை 2021இல் நிறைவேறுவதற்கே ஆண்டுக்கணக்கான போராட்டம் தேவைப்பட்டது. கொழுந்து பறிக்க ஆள் வேண்டுமென்றால் பறிப்பவருக்கு வாழத்தக்க கூலியும் சொந்த நிலமும் கொடுத்து ஆளைப் பெறட்டும். பிள்ளையின் அறியாமையை முதலாக வைத்து நடக்கும் தொழில் எந்தச் சமயத்தின் கணக்கிலும் நல்ல தொழிலாகாது. கடனைத் திருப்பிக் கொடுத்தவர், அந்தப் பணத்தை இப்படித்தான் செலவிடவேண்டும் என்று கடன் கொடுத்தவருக்குச் சட்டம் போட முடியாது. தெல்தோட்டையில் உயர்தரம் படித்துத் தேறும் பிள்ளை பேராதனைக்கு மருத்துவம் படிக்கப் போகலாம், கொழும்பில் கடை வைக்கலாம், தன் தோட்டத்துப் பாடசாலைக்கே அதிபராகத் திரும்பி வரலாம், விரும்பினால் தாயைப் போலக் கூடையும் எடுக்கலாம். தெல்தோட்டையிலும் ரங்கலையிலும் மடுல்கலையிலும் தமிழில் பௌதிகமும் இணைந்த கணிதமும் கற்பிக்க ஓர் ஆசிரியர் இருந்தால்தான் அந்தத் தெரிவு அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும்.